ஒரு சாவி, பல கதவுகள்: கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஒற்றை உள்நுழைவின் வரலாறு

1

மும்பை மாட்டுங்காவில் மக்கள் இன்றும் கிங்ஸ் சர்க்கிள் என்றே அழைக்கும் வட்டப் பூங்காவின் அதிகாரப்பூர்வப் பெயர் மகேஸ்வரி உத்யான். 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை வகுத்தது. அத்திட்டத்தின் வழியே உருவான இப்பகுதியில் தென்னிந்தியக் குடும்பங்கள் திரண்டு குடியேறின. எஸ்.ஐ.இ.எஸ். எனப்படும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் இங்கே தோன்றியது. அதற்கு முன்பே, 1923இல், இன்று வி.ஜே.டி.ஐ. என்று அறியப்படும் தொழில்நுட்பக் கல்லூரி பைகுல்லாவிலிருந்து மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்திருந்தது. 1937இல் கால்சா கல்லூரி வந்தது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய வேதித் தொழில்நுட்பக் கழகமும் பின்னர் இதே வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது.

இக்கல்லூரிகளை நம்பி வாழ்பவை கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையின் பழைய புத்தகக் கடைகள். பொறியியல் மாணவர் ஒருவர் இங்கே ஒரு பாடநூலை வாங்கிப் பருவம் முழுதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், விலையில் ஒரு பகுதி கைக்கு வரும். கடைக்காரர் மாணவரின் பெயரையோ கல்லூரியையோ கேட்பதில்லை. பணமும் புத்தகமும் கைமாறினால் போதும்.

சாலையைக் கடந்து கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. அங்கே அடையாள அட்டை வேண்டும். கணினியின் முன் அமர்ந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். தேர்வு முடிவுக்கு ஒன்று, கட்டணம் செலுத்த ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, ஆய்விதழ்களுக்கு ஒன்று என்று கதவுகள் பெருகப் பெருகச் சாவிகளும் பெருகின. ஒரே முறை அடையாளத்தை நிறுவிவிட்டு எல்லாக் கதவுகளையும் கடக்கும் ஏற்பாட்டுக்கு ‘ஒற்றை உள்நுழைவு’ என்று பெயர். இதனைப் பயன்படுத்துவோரின் வசதிக்காகப் பிறந்த தொழில்நுட்பமாகக் காண்பதே பொதுவழக்கு. ஆனால் அதன் வரலாறு நெடுகிலும் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: ஒரு மனிதருக்காக யார், யாரிடம், எதற்காகச் சாட்சி சொல்கிறார்கள்? கணினி வலைப்பின்னல்கள் இக்கேள்விக்குத் தவறான விடைகளைக் கண்டு திருத்திக்கொண்ட அதே காலத்தில், கிங்ஸ் சர்க்கிளுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாராவியில் ரேஷன் கார்டு என்னும் காகிதத்தின் வழியாகவும் அதே கேள்வி எழுந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து வாசிப்பது பயன் தரும்.

2

கடவுச்சொல்லின் கணினி வரலாறு 1960களின் தொடக்கத்துக்குச் செல்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை 1961இல் செயல்விளக்கம் காட்டியது. ஒவ்வொருவரின் கோப்புகளும் அவருக்கென ஒதுக்கிய கணினி நேரமும் பிறருடையவற்றோடு கலந்துவிடாதிருக்கக் கடவுச்சொல் புகுத்தப்பட்டது. 1962இலேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் சேமிக்கப்பட்டிருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். இதனைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவரே வெளிப்படுத்தினார். இரகசியங்கள் அனைத்தும் ஓரிடத்தில் குவிந்தால் அவ்விடமே முதல் இலக்காகும் என்னும் பாடம், கடவுச்சொல் பிறந்த வேகத்திலேயே கிடைத்துவிட்டது.

1983இல் அதே எம்.ஐ.டி., டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களின் துணையோடு அதீனா திட்டத்தைத் தொடங்கியது. வளாகமெங்கும் பரவிய கணினிகளில் எதன் முன் அமர்ந்தாலும் மாணவர் தம் கோப்புகளையும் அஞ்சலையும் அச்சுப்பொறியையும் அடைய வேண்டும் என்பது நோக்கம். ஒவ்வொரு சேவைக்கும் கடவுச்சொல்லை வலைப்பின்னல் வழியே அனுப்பினால், இடையில் ஒட்டுக்கேட்பவர் அதைக் கவர்ந்துவிடுவார். இச்சிக்கலுக்குத் தீர்வாக உருவானதே கெர்பரோஸ். கிரேக்கத் தொன்மத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் பல தலை நாயின் பெயர் அது.

கெர்பரோஸின் கருத்து எளிமையானது. கதவுகளும் மனிதரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. இரு தரப்பும் நம்பும் மூன்றாவது ஒருவர் இருந்தால் போதும். மாணவர் அந்த மூன்றாமவரிடம் ஒரு முறை தம்மை நிறுவி, ஒரு சீட்டைப் பெறுகிறார். அச்சீட்டைக் காட்டி, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிச் சீட்டைப் பெறுகிறார். கடவுச்சொல் வலைப்பின்னலில் பயணிப்பதே இல்லை. அச்சுப்பொறிக்கான சீட்டு அஞ்சல் பெட்டியைத் திறக்காது. சீட்டுக்குக் காலக்கெடுவும் உண்டு. 1988இல் வெளியான கெர்பரோஸ் ஆய்வுரையில் முதற்சீட்டின் ஆயுள் எட்டு மணிநேரம் என்று குறிக்கப்பட்டுள்ளது. மூன்றாமவரின் சாட்சி, சேவைக்கொரு சீட்டு, காலக்கெடு என்னும் இம்மூன்றும் பின்வந்த எல்லா ஒற்றை உள்நுழைவு முறைகளுக்கும் அடிப்படையாயின.

3

கெர்பரோஸ் ஒரு நிறுவனத்தின் மதிலுக்குள் அமைந்த ஏற்பாடு. ஒரு கல்லூரியின் மாணவரை இன்னொரு நிறுவனத்தின் கதவு எப்படி நம்புவது என்ற வினாவைக் கூர்மையாக எழுப்பியவை நூலகங்களே.

ஆய்விதழ்கள் மின்வடிவம் பெற்றபோது, பதிப்பகங்கள் கல்லூரியின் ஐ.பி. முகவரியைக் கொண்டே வாசகரை அடையாளம் கண்டன. வளாகத்தின் கணினியிலிருந்து வரும் கோரிக்கை எதுவாயினும் அனுமதி. வெளியிலிருந்து வந்தால் மறுப்பு. இங்கே அடையாளம் மனிதருடையது அன்று, மதிற்சுவருடையது. இந்தியப் பல்கலைக்கழகங்களுக்காக 2003 டிசம்பரில் தொடங்கப்பட்ட யு.ஜி.சி. இன்ஃபோநெட் மின்னூலகக் கூட்டமைப்பும் இம்முறையைப் பெரிதும் சார்ந்திருந்தது. பகலெல்லாம் வளாகத்தில் இருக்கக்கூடிய விடுதி மாணவருக்கு இது குறையாகத் தோன்றவில்லை. மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவருக்கும், தொலைவிலிருந்து புறநகர் ரயிலில் வந்து திரும்பும் மாணவருக்கும், சந்தா செலுத்தப்பட்ட ஆய்விதழ் கல்லூரி வாயிலைத் தாண்டியதும் கைக்கெட்டாததாயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இச்சுமை எல்லா மாணவர் மீதும் ஒரே நாளில் இறங்கியது.

மதிலுக்கு மாற்றாக உருவான முறைக்கு 2002 நவம்பரில் ‘சாம்ல்’ என்ற பெயரில் முதல் தரநிலை வெளியாயிற்று. அதன் இரண்டாம் பதிப்பு 2005 மார்ச்சில் வந்தது. அதே காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 கூட்டமைப்பு, நூலகத் தேவையை முன்னிறுத்தி ‘ஷிபோலெத்’ என்னும் மென்பொருளை உருவாக்கியது. பெயர் விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்திலிருந்து வந்தது. யோர்தான் துறையில் காவல் நின்ற கிலேயாத்தியர், கடந்து செல்ல வந்தோரை அச்சொல்லை உச்சரிக்கச் செய்தனர். முதல் எழுத்தைச் சரியாக ஒலிக்க இயலாதவர் பகைவர் எனக் கொல்லப்பட்டனர். ‘ழ’கர உச்சரிப்பைக் கொண்டு ஆளின் ஊரையும் பிறப்பையும் எடைபோடும் வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இக்கதையின் கொடுமை எளிதில் விளங்கும். அச்சொல்லுக்குத் தானியக் கதிர் என்று ஒரு பொருள் உண்டு என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இன்று குஜராத்தின் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இந்த முறையில் அமைத்த கூட்டமைப்பின் பெயர் ‘இன்ஃபெட்’. வாசகர் வீட்டிலிருந்து பதிப்பகத்தின் தளத்துக்குச் செல்கிறார். தம் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். தளம் அவரை அந்நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே கடவுச்சொல்லைத் தந்தபின், கையொப்பமிட்ட சாட்சிக் குறிப்போடு பதிப்பகத்துக்குத் திரும்புகிறார். பதிப்பகம் கடவுச்சொல்லைப் பார்ப்பதில்லை. முறையாக அமைக்கப்பட்டால் பெயரைக்கூட அறிவதில்லை. ‘இவர் எங்கள் உறுப்பினர்’ என்ற அளவிலேயே சாட்சி நின்றுவிட முடியும்.

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதனை ஒருங்கிணைப்பதும் இன்ஃப்லிப்நெட் மையமே. எனினும் முதற்கட்டம் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களையும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களையுமே நோக்கியது. ஒரே வட்டப் பூங்காவைச் சுற்றிப் படிக்கும் மாணவர்களில் யாருடைய நிறுவனம் எந்த நிர்வாகத்தின் கீழ் உள்ளது என்பதே இன்று கதவைத் தீர்மானிக்கிறது. செங்கல் மதில் விலகிய இடத்தில் உறுப்பினர் பட்டியல் மதிலாகியுள்ளது.

4

நூலக உலகுக்கு வெளியே, 2000களின் நடுவில், பொதுமக்களின் இணையத்தில் மற்றொரு பழக்கம் பரவியிருந்தது. புதிய தளம் ஒன்று, நண்பர்களின் முகவரிகளைத் திரட்டுவதற்காக, பயனரின் மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்கும். ஒரு புத்தகத்தை எடுத்துவர வீட்டுச் சாவிக் கொத்தையே அந்நியரிடம் கொடுப்பதைப் போன்றது இது. இதற்கு மாற்றாக 2007இல் வரையறுக்கப்பட்டது ‘ஓஆத்’. கடவுச்சொல்லைத் தராமல், குறிப்பிட்ட ஒரு செயலுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு வழங்கும் முறை அது. அதன் இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 6749 என்னும் ஆவணமாக வெளியாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன், பதிப்பாசிரியர் பொறுப்பிலிருந்த எரான் ஹேமர், தரநிலை தளர்ந்துவிட்டது என்று கண்டித்து விலகியிருந்தார்.

ஓஆத் அனுமதிக்கான முறை. ‘இந்தச் சீட்டை வைத்திருப்பவர் முகவரிகளைப் படிக்கலாம்’ என்றே அது கூறுகிறது. சீட்டைக் கொண்டுவந்து நிற்பவர் யார் என்று கூறுவதில்லை. ஆயினும் நிரலாளர்கள் அதனையே அடையாள உறுதிக்கும் பயன்படுத்தத் தொடங்கினர். சீட்டு செல்லுபடியாகிறதா? ஆகிறது. அப்படியானால் வந்திருப்பவர் சீட்டின் உரிமையாளரே என்று முடிவு கட்டினர். இதன் விளைவு கடுமையானது. ஒரு விளையாட்டுச் செயலிக்குப் பயனர் தந்த அனுமதிச் சீட்டை, அச்செயலியின் உரிமையாளர் வேறொரு தளத்தில் காட்டி, அப்பயனராகவே உள்ளே நுழைய முடிந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 2014 பிப்ரவரியில் ‘ஓப்பன் ஐடி கனெக்ட்’ வெளியிடப்பட்டது. அதில் அனுமதிச் சீட்டும் அடையாளச் சீட்டும் தனித்தனியானவை. அடையாளச் சீட்டில் அதை வழங்கியவர் யார், அது யாரைப் பற்றியது, எந்தத் தளத்துக்காக வழங்கப்பட்டது, எப்போது காலாவதியாகும் என்பவை எழுதிக் கையொப்பமிடப்பட்டிருக்கும்.

இதே குழப்பம் மும்பையில் கணினிக்கு முன்பே நிகழ்ந்தது. உலகப்போரின் நடுவே 1943இல் பம்பாயில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ரேஷன் கார்டு அடிப்படையில் ஓர் அனுமதிச் சீட்டு: இந்தக் குடும்பத்துக்கு இந்தக் கடையில் இவ்வளவு தானியம். ஆனால் வாடகை ஒப்பந்தமோ வீட்டுப் பத்திரமோ இல்லாத குடிசைப்பகுதி மக்களின் கையில் அரசு முத்திரை பதித்த காகிதம் வேறு என்ன இருந்தது? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுவே நிலை. பள்ளிச் சேர்க்கை, மின் இணைப்பு, வங்கிக் கணக்கு என்று எந்தக் கதவின் முன்னும் அக்கார்டு நீட்டப்பட்டது. தானியத்துக்கான சீட்டு, ‘நான் இங்கே வாழ்கிறேன்’ என்பதற்கான சான்றாயிற்று.

1976இல் பம்பாயின் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டுப் புகைப்படச் சீட்டுகள் வழங்கப்பட்டன. பின்னர் 1995 ஜனவரி 1, 2000 ஜனவரி 1 என்று தகுதிக்கான இறுதி நாட்கள் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. அந்நாளுக்கு முன் அங்கே வாழ்ந்ததைக் காட்டும் பழைய காகிதம் ஒன்றே, மறுகுடியமர்வில் இலவச வீட்டைப் பெறுவதற்கும் இழப்பதற்கும் இடைப்பட்ட வேறுபாடாயிற்று.

2015 மார்ச்சில் ஒன்றிய அரசு பிறப்பித்த பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை, ரேஷன் கார்டை அடையாள ஆவணமாகவோ இருப்பிடச் சான்றாகவோ பயன்படுத்தலாகாது என்று வரையறுத்தது. ஓஆத் ஆவணங்களை வாசித்தவர்களுக்கு இவ்வரி மிகப் பழக்கமானதாகத் தோன்றும்: அனுமதிச் சீட்டை அடையாளச் சீட்டாகக் கொள்ளாதே. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தரநிலைக் குழுவினர் தடையை விதித்ததோடு அடையாளச் சீட்டையும் வரையறுத்துத் தந்தனர். அலுவலகங்களோ ஆணைக்குப் பிறகும் ரேஷன் கார்டைக் கேட்டன. தில்லியின் கத்புத்லி காலனி மறுகுடியமர்வில், மேல்தளத்தில் வசித்தோர் தனி ரேஷன் கார்டு காட்டியாக வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2024இல் அந்நிபந்தனையை ஏற்க மறுத்து, அந்தக் கார்டு பங்கீட்டுப் பொருள்களைப் பெறுவதற்கே உரியது என்று 2015ஆம் ஆண்டின் ஆணையைச் சுட்டிக்காட்டியது. ஒரே காகிதத்தின் மீது எல்லாக் கதவுகளையும் தொங்கவிட்டவர்கள் அலுவலகத்தார். காகிதம் இல்லாமையின் விலையைச் செலுத்தியவர்கள் குடியிருப்போர்.

5

இன்று கிங்ஸ் சர்க்கிளின் கல்லூரி ஒன்றில் படிக்கும் மாணவர் ஒரு வலைச்செயலியை எழுதுவதாகக் கொள்வோம். உள்நுழைவுக்கான நிரலை அவர் தொடக்கத்திலிருந்து எழுதமாட்டார். நிரலாளர்கள் ‘லைப்ரரி’ என்றழைக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றை உலாவியில் இயங்கும் தம் செயலியோடு இணைப்பார். பிறகு அதற்குச் சில அமைவுகளைத் தருவார்: அடையாளம் வழங்குபவரின் முகவரி, தம் செயலிக்கு வழங்கப்பட்ட எண், திரும்பி வரவேண்டிய முகவரி, கோரும் அனுமதிகளின் பட்டியல். பத்துப் பதினைந்து வரிகளில் வேலை முடியும். இவ்வரிகளில் பலவும் கடந்த கால விபத்துகளின் படிவுகள் என்பதை அறிந்து எழுதுவோர் குறைவு.

திரும்பி வரவேண்டிய முகவரி, பதிவு செய்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இறுதியில் ஒரு சாய்கோடு கூடினாலும் உள்நுழைவு மறுக்கப்படும். புதிதாகக் கற்கும் மாணவரை முதலில் சலிப்புறச் செய்வது இதுவே. முகவரியைத் தளர்வாக ஒப்பிட்ட காலத்தில், பயனரின் சீட்டைத் தம் தளத்துக்குத் திசைதிருப்பித் திருடுவது எளிதாக இருந்தது. அஞ்சல்காரர் பதிவுத் தபாலை ‘ஏறத்தாழ அதே வீட்டில்’ கொடுத்துவிட முடியாது அல்லவா?

‘ஸ்டேட்’ என்னும் மதிப்பு, புறப்பட்ட பயணமும் திரும்பிய பயணமும் ஒருவருடையதே என்று சரிபார்ப்பது. 2009 ஏப்ரலில் ஓஆத் முதற்பதிப்பில் ஒரு பிழை கண்டறியப்பட்டது. ஒருவர் தொடங்கிவைத்த கோரிக்கையை மற்றொருவரைக் கொண்டு முடிக்கச் செய்து, அவருடைய கணக்கைத் தொடங்கியவர் அடைய முடியும் என்பதே அது. இரு மாதங்களில் திருத்தப் பதிப்பு வெளியாயிற்று. புறப்பாட்டையும் வருகையையும் பிணைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அத்தகைய பட்டறிவிலிருந்து வந்தது. ‘நான்ஸ்’ என்னும் மதிப்பு, பழைய அடையாளச் சீட்டு ஒன்றை மீண்டும் காட்டுவதைத் தடுப்பது.

‘பிக்சி’ என்று ஒலிக்கப்படும் பி.கே.சி.இ. முறை 2015இல் கைபேசிச் செயலிகளுக்காக வந்தது. செயலி புறப்படும்போது ஓர் இரகசியத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அதன் முத்திரையை மட்டும் அனுப்புகிறது. சீட்டைப் பெறும்போது இரகசியத்தை வெளியிட்டு முத்திரையோடு பொருத்திக் காட்டுகிறது. இடைவழியில் தற்காலிகக் குறியீட்டைக் கவர்ந்தவரிடம் அவ்விரகசியம் இராது. முன்பெல்லாம் உலாவிச் செயலிகளுக்குச் சீட்டே முகவரிப் பட்டை வழியாக அனுப்பப்பட்டது. வேறு தளத்தின் சர்வரோடு நேரடியாகப் பேச உலாவிகளுக்கு வசதி போதாதிருந்த காலத்தின் ஏற்பாடு அது. 2025 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 9700 அப்பழைய வழியைக் கைவிட அறிவுறுத்துகிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களும் அவற்றிலிருந்து படியெடுத்த அமைவுகளும் தாமாக மறைவதில்லை.

சீட்டு எந்தத் தளத்துக்காக வழங்கப்பட்டது, யாரால் கையொப்பமிடப்பட்டது என்னும் இரு சோதனைகளும் அனைத்திலும் முக்கியமானவை. அவற்றைச் செயலி செவ்வனே செய்தாலும், வழங்குபவரே தவறினால் பயனில்லை. 2020இல் இந்திய ஆய்வாளர் பாவுக் ஜெயின், ஆப்பிள் நிறுவனத்தின் உள்நுழைவுச் சேவையில், எந்த மின்னஞ்சல் முகவரியைக் கேட்டாலும் அதற்குக் கையொப்பமிட்ட சீட்டு கிடைத்துவிடும் என்பதைக் கண்டறிந்து தெரிவித்தார். அந்நிறுவனம் பிழையைத் திருத்தி, அவருக்கு 1,00,000 டாலர் பரிசளித்தது. சாட்சியின் கையொப்பம் உண்மையானது. சாட்சி சொன்னதுதான் பொய். ஒற்றை உள்நுழைவை ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கதவும், தன் காவலை இன்னொருவரின் நேர்மைக்கும் கவனத்துக்கும் ஒப்படைத்துவிடுகிறது.

6

அரசும் இதே பாதையில் வந்தது. 2009 ஜனவரியில் தனித்துவ அடையாள ஆணையம் அமைந்தது. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் தேம்ப்லி கிராமத்தில் வழங்கப்பட்டது. அடையாளத்தை அனுமதியிலிருந்து பிரித்து, அதற்கெனத் தனி ஏற்பாடு காணும் முயற்சி என்ற வகையில், ரேஷன் கார்டின் நெடுங்காலக் குழப்பத்துக்கு இது ஒரு விடை. ஆனால் எல்லாக் கதவுகளிலும் ஒரே எண் பதிவானால், தனித்தனிப் பதிவேடுகளை அவ்வெண் ஒரே சரட்டில் கோத்துவிடும்.

இவ்வபாயத்தைக் கணினித் தரநிலைகள் முன்பே எதிர்கொண்டிருந்தன. ஓப்பன் ஐடி கனெக்ட் தரநிலையில், ஒரே பயனருக்கு ஒவ்வொரு தளத்திலும் வெவ்வேறு அடையாளக் குறியீட்டை வழங்கும் வழி உண்டு. இரு தளங்கள் தம் பட்டியல்களை ஒப்பிட்டாலும் அக்குறியீட்டைக் கொண்டு ஆளை இணைக்க இயலாது. ஷிபோலெத்தும் அத்தகைய ஏற்பாட்டை நூலகங்களுக்குத் தந்திருந்தது; ஒருவர் என்னென்ன வாசித்தார் என்பதைப் பதிப்பகங்கள் தொகுத்துவிடலாகாது என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது. தனித்துவ அடையாள ஆணையம் 2018 ஜனவரியில் மெய்நிகர் அடையாள எண்ணையும், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் டோக்கனையும் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம், நலத்திட்டங்களில் ஆதாரைப் பயன்படுத்துவதை ஏற்றதோடு, தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் அதனைக் கோர இடமளித்த பகுதியை நீக்கியது.

2022 ஜூலையில் காந்திநகரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மேரி பெஹ்சான்’, அரசுச் சேவைகளுக்கான தேசிய ஒற்றை உள்நுழைவு. டிஜிலாக்கர், ஜன் பரிசய், இ-பிரமாண் ஆகிய மூன்று சாட்சிகளில் ஒன்றைக் குடிமக்கள் தெரிவு செய்யலாம். இவற்றுள் இ-பிரமாண் மும்பை சீ-டாக் மையத்தின் உருவாக்கம். அம்மையத்தின் முன்னோடி ஜுஹுவில் எஸ். ரமணியின் தலைமையில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். 1986இல் தொடங்கிய எர்நெட் கல்வி வலைப்பின்னலில் முதன்மைப் பங்காற்றிய நிறுவனம் அது. விரல்விட்டு எண்ணத்தக்க கல்வி நிறுவனங்கள் ஒன்றையொன்று அறிந்தும் நம்பியும் இணைந்திருந்த அக்காலத்திலிருந்து, கோடிக்கணக்கானோருக்கு ஒரே வாயில் அமைக்கும் காலத்துக்கு ஒரே மையத்தின் மரபு வந்து சேர்ந்திருக்கிறது.

7

ஒற்றை உள்நுழைவு தோல்வியுறும் விதங்களில் இரண்டு, ஏழை எளியோரையும் மாணவர்களையும் நேரடியாகத் தொடுபவை. முதலாவது, வெளியேறுதல். உள்ளே நுழைய ஒரு கதவு போதும். ஆனால் ஒரு சேவையிலிருந்து வெளியேறினால் மற்றவற்றிலிருந்தும் வெளியேறியதாகப் பொருளில்லை. பொதுக் கணினியில் தேர்வுத் தளத்தை மூடிவிட்டு எழுந்து செல்லும் மாணவரின் மூல உள்நுழைவு, அடுத்து அமர்பவருக்காகக் காத்திருக்கக்கூடும். தனிக் கணினி உடையோருக்கு இது சிறு நுணுக்கம். ஆய்வகக் கணினியையே நம்பியிருப்போருக்கு இது ஆபத்து. இரண்டாவது, கைபேசி. ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் எண் தந்தையுடையதாகவும், தந்தை வேலைத்தலத்திலும் இருந்தால், ஒரே கைபேசியைப் பகிரும் குடும்பத்தின் மகள் உதவித்தொகை விண்ணப்பத்தின் முன் காத்திருக்க வேண்டும். ‘ஒரு மனிதர், ஒரு கருவி’ என்பது அமைவை எழுதியவரின் அனுமானம். அனுமானம் பொய்த்தால், திரையில் தோன்றுவதோ ‘அடையாளம் உறுதியாகவில்லை’ என்ற வரி.

கதவுகள் பலவாயிருந்தபோது ஒன்றில் மறுக்கப்பட்டவர் மற்றொன்றைத் தட்டினார். ஒரே கதவு என்றானபின், அங்கே நேரும் பிழை எல்லா இடங்களிலிருந்தும் விலக்கி வைக்கிறது. எனவே ஒற்றை உள்நுழைவை அமைப்பவருக்குப் பல சாவிகளை நிர்வகித்தவரைவிடக் கூடுதல் கடமை உண்டு: சாட்சியை மறுத்து முறையிட ஒரு வழி, சாட்சி தவறினால் நுழைய ஒரு மாற்று வாயில், கதவுக்குத் தேவையானதைவிட அதிகம் கேளாமை. கெர்பரோஸ் முதல் ஓப்பன் ஐடி கனெக்ட் வரையிலான வரலாறு, இவற்றுள் கடைசியானதை நிரலாக எழுத முடியும் என்று காட்டியிருக்கிறது. முதல் இரண்டும் நிரலில் மட்டும் அடங்குவன அல்ல. அவற்றுக்கு அலுவலக மேசையின் மறுபுறம் ஒரு மனிதரும் அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும் வேண்டும்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் இன்றும் பெயர் கேளாமல் புத்தகம் கைமாறுகிறது. எல்லாக் கதவுகளும் அப்படி இருக்க இயலாது; வங்கிக் கணக்குக்கும் மருத்துவப் பதிவுக்கும் காவல் தேவை. ஆயினும் நிரலின் அமைவை எழுதும் மாணவர், ஒவ்வொரு கதவுக்கும் முன் அக்கடைக்காரரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். இக்கதவைத் திறக்க வந்தவர் யார் என்று உண்மையில் தெரிந்தாக வேண்டுமா, அல்லது அவருக்கு அனுமதி உண்டு என்று தெரிந்தால் போதுமா? அமைவுக் கோப்பில் கோரும் அனுமதிகளின் பட்டியலை நிரப்பும் முன் அவர் விடை காண வேண்டிய கேள்வி அது.